பதினெட்டு வயதுக்குப் பிறகு அவர்கள் பல்லை யார் பார்ப்பது?

என் அண்ணனுக்கு 41 வயது, அறிவுசார் குறைபாடு உள்ளவர். பேச்சு கொஞ்சம்தான், தெரிந்த சொற்கள் முப்பது நாற்பது இருக்கும். மூன்று வருஷத்துக்கு முன்னால் திடீரென்று தன் இடது கன்னத்தைத் தானே அறைந்துகொள்ள ஆரம்பித்தார். ராத்திரி தூக்கமில்லை. சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிடுவார். பகலில் அவர் போகும் மையத்திலிருந்து, பக்கத்தில் உட்கார்ந்தவரைக் கிள்ளிவிட்டார் என்று புகார் வந்தது. அவரை வழக்கமாகப் பார்க்கும் மருத்துவர் "இவங்களுக்கு அப்பப்ப இப்படி வரும்மா" என்று சொல்லித் தூக்க மாத்திரையைக் கூட்டினார். இரண்டரை மாதம் கழித்து, அம்மா சோறு ஊட்டும்போது வாயிலிருந்து அடித்த நாற்றத்தை வைத்துத்தான் கண்டுபிடித்தோம். கீழே இடது கடைவாய்ப் பல்லின் அடியில் சீழ் கட்டியிருந்தது.

பல்லை எடுத்த நாலாவது நாள் அறைவது நின்றது. தூக்கம் வந்தது, மாத்திரையும் பழைய அளவுக்கு இறங்கியது. அந்த இரண்டரை மாதத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனசு ஆறவில்லை, ஏனென்றால் நமக்கு அப்படி ஒரு பல்வலி வந்தால் இரண்டு நாள்கூடப் பொறுக்க மாட்டோம், ஊரைக் கூட்டிவிடுவோம். அவரும் தனக்குத் தெரிந்த வழியில் ஊரைக் கூட்டத்தான் பார்த்தார், எங்களுக்குத்தான் புரியவில்லை. அறிவுசார் குறைபாடுள்ள பெரியவர்களுக்கு, அவர்கள் இருக்கிற இடத்துக்கே போய்ப் பல் பார்ப்பது என்றால் என்ன, அது எப்படி நடக்கும், வீட்டில் நாம் என்ன செய்யலாம் என்று புதிதாகத் தெரிந்துகொள்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை. அண்ணன் போகும் மையத்தில் மூன்று வருஷமாகப் பல் மருத்துவர்களோடு கூடவே நின்று பார்த்தவள்.

முதலில் யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்று சொல்லிவிடுகிறேன். 2016-இல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. அதில் ஒன்று அறிவுசார் குறைபாடு. கற்றுக்கொள்வது, யோசித்து முடிவெடுப்பது, அன்றாட வேலைகளைத் தானே பார்த்துக்கொள்வது இவற்றிலெல்லாம் கணிசமான சிரமம் இருக்கும். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்கள் பெரும்பாலும் இதில் வருவார்கள், மூளை முடக்குவாதம், ஆட்டிசம் உள்ளவர்களில் ஒரு பகுதியினருக்கும் இது சேர்ந்தே இருக்கும். 'மனவளர்ச்சி குன்றியவர்' என்ற பழைய சொல்லைத்தான் எங்கள் வீட்டுச் சான்றிதழில் இன்னும் பார்க்கலாம்.

இவர்களுக்குப் பிறவியிலேயே பல் சொத்தையாகத்தான் இருக்கும் என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். அப்படி இல்லை. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்குப் பல் தாமதமாக முளைப்பதும், சில பற்கள் முளைக்காமலே போவதும், ஈறு நோய் சீக்கிரமே வருவதும் உண்மைதான், அதற்கு உடலின் எதிர்ப்புச் சக்தியோடு தொடர்பு இருக்கிறது. ஆனால் மற்றபடி பல் கெடுவதற்கான காரணங்கள் நமக்கு உள்ளவையேதான், அவர்கள் வாழ்க்கையில் அவை ஒன்றாகச் சேர்ந்துகொள்கின்றன. கை சரியாக வளையாததால் பிரஷ் கடைவாய்வரை போகாது. நாக்கு வாய்க்குள் சுழன்று பல்லில் ஒட்டியதை எடுக்காது. சிலர் சோற்றை அரை மணிநேரம் கன்னத்திலேயே ஒதுக்கி வைத்திருப்பார்கள். வலிக்கு மருந்து கேட்கத் தெரியாது.

மாத்திரைகளையும் சொல்ல வேண்டும். வலிப்புக்கு வருஷக்கணக்காக ஃபெனிடாயின் சாப்பிடுகிறவர்களில் பலருக்கு ஈறு தடித்துப் பல்லை மூடுகிற அளவுக்கு வளரும், அதற்குள் அழுக்கு சேரும், விளக்கினால் ரத்தம் வரும், ரத்தம் வருகிறதே என்று பயந்து வீட்டில் விளக்குவதையே நிறுத்திவிடுவார்கள், அப்புறம் இன்னும் மோசமாகும். மனநலத்துக்குக் கொடுக்கும் சில மருந்துகள் வாயை உலர்த்திவிடும். எச்சில்தான் பல்லுக்கு இயற்கையான காவல், அது வற்றினால் சொத்தை வேகமாகப் பரவும். மாத்திரையை விழுங்கத் தெரியாதவர்களுக்குச் சிரப்பாகக் கொடுப்போம், அதிலும் படுக்கப்போகும் நேரத்தில், அதில் சர்க்கரை இருந்தால் ராத்திரி முழுக்கப் பல்லில் தங்கும். சிரப்பைக் கொடுத்ததும் கொஞ்சம் தண்ணீர் குடிக்க வைத்தாலே பாதி தொல்லை குறையும்.

அப்புறம் இனிப்பு. இதை யாரையும் குறை சொல்லாமல் எழுத வேண்டும் என்று பார்க்கிறேன், ஏனென்றால் நானும் செய்தவள்தான். சட்டை பட்டன் போட்டால் ஒரு மிட்டாய், சத்தம் போடாமல் இருந்தால் ஒரு பிஸ்கட் என்று சின்ன வயதில் பயிற்சிக்காக ஆரம்பித்த பழக்கம் நாற்பது வயதிலும் தொடர்கிறது. இனிப்பு எவ்வளவு சாப்பிடுகிறோம் என்பதைவிட எத்தனை தடவை சாப்பிடுகிறோம் என்பதுதான் பல்லுக்கு முக்கியம். ஒவ்வொரு தடவையும் வாயில் அமிலம் உண்டாகி அடங்க அரை மணிநேரம் போல ஆகும், அதற்குள் அடுத்த பிஸ்கட் வந்துவிட்டால் பல்லுக்கு ஓய்வே கிடையாது. எங்கள் மையத்தில் இப்போது மிட்டாய்க்குப் பதிலாக அவரவருக்குப் பிடித்த ஒன்றை எழுதி வைத்திருக்கிறார்கள். என் அண்ணனுக்கு இரண்டு நிமிஷம் வாசல் கேட்டில் நின்று பஸ் பார்க்க வேண்டும், அவ்வளவு போதும்.

சரி, இவ்வளவு பிரச்சினை இருப்பது தெரிந்தும் ஏன் இவர்கள் பல் மருத்துவரிடம் போவதில்லை? சிறுவர்களாக இருக்கும்வரை போகிறார்கள். சிறப்புப் பள்ளியில் பரிசோதனை நடக்கும், பல் மருத்துவக் கல்லூரியில் குழந்தைகள் பல் மருத்துவத் துறை இருக்கும், சிறப்புத் தேவை உள்ள குழந்தைகளை எப்படிக் கையாள்வது என்று அந்தத் துறையில்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். பதினெட்டு தாண்டியதும் அந்தக் கதவு சாத்திவிடும். குழந்தைகள் பிரிவில் "இவர் பெரியவர், பொதுப் பிரிவுக்குப் போங்க" என்பார்கள், பொதுப் பிரிவில் "இந்த மாதிரி கேஸெல்லாம் குழந்தைகள் டாக்டர்தான் பார்ப்பார்" என்பார்கள். நாங்கள் ஒரு நாள் முழுக்க ஒரே கட்டடத்தில் இரண்டு மாடிகளுக்கு நடுவே ஏறி இறங்கியிருக்கிறோம். பிரிட்டனில் இதற்கென்றே 'ஸ்பெஷல் கேர் டென்டிஸ்ட்ரி' என்று தனிச் சிறப்புத் துறையை 2008-இல் அங்கீகரித்தார்கள். அங்கே சமூகப் பல் மருத்துவச் சேவை என்று அரசுச் செலவில் ஓர் அமைப்பே இருக்கிறது, சாதாரண கிளினிக்கில் பார்க்க முடியாதவர்களை அது பார்க்கும், தேவைப்பட்டால் வீட்டுக்கும் விடுதிக்கும் போகும். நம் ஊர் முதுநிலைப் படிப்புகளில் அப்படித் தனித் துறை இல்லை. இருக்கிறதிலேயே நெருங்கியது பொதுச் சுகாதாரப் பல் மருத்துவத் துறை, முகாம் நடத்துவதும் பல் மருத்துவ வண்டியை வெளியே எடுத்துப் போவதும் அவர்கள் வேலை.

முகாம் என்றதும் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஒரு நாள் வந்து, எல்லாரையும் வரிசையில் நிறுத்தி, வாயைத் திறக்கச் சொல்லி, கார்டில் '4 சொத்தை, ஸ்கேலிங் தேவை' என்று எழுதி, ஆளுக்கொரு பேஸ்டும் பிரஷும் கொடுத்து, போட்டோ எடுத்துக்கொண்டு போவதை நான் சமூகப் பல் மருத்துவம் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். வருகிறவர்களின் நல்ல மனசில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் கார்டில் எழுதிய அந்த நாலு சொத்தையையும் யார் அடைப்பது? திரும்பி வருவதுதான் இதில் முக்கியம். அதே மருத்துவர், அதே இடத்துக்கு, மூன்று மாதத்துக்கோ ஆறு மாதத்துக்கோ ஒரு தடவை வர வேண்டும். நடுவில் தினமும் யார் பல் விளக்கிவிடுகிறார்களோ அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டும், அங்கேயே செய்யக்கூடிய சிகிச்சையைச் செய்ய வேண்டும், செய்ய முடியாததை எந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது என்று முன்கூட்டியே பேசி வைத்திருக்க வேண்டும்.

முதல் மூன்று தடவை பல்லைத் தொடவே இல்லை

எங்கள் மையத்துக்கு வந்த பெண் மருத்துவர் முதல் நாள் அண்ணனின் வாயைப் பார்க்கவே இல்லை. பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "அண்ணா, என் பேர் சொல்லுங்க பாப்போம்" என்று கொஞ்ச நேரம் பேசிவிட்டுப் போனார். எல்லாரும் அவரைத் 'தம்பி', 'செல்லம்' என்று கூப்பிடும்போது நாற்பது வயது ஆளை அண்ணா என்று கூப்பிட்ட ஒரே ஆள் அவர்தான், அதற்காகவே அம்மாவுக்கு அவரைப் பிடித்துப்போனது. இரண்டாம் தடவை ஒரு வாய்க் கண்ணாடியைக் கொடுத்து அவரே கையில் வைத்துப் பார்க்கட்டும் என்று விட்டார். மூன்றாம் தடவை அந்தக் கண்ணாடியால் விரல் நகத்தை எண்ணினார்: ஒன்று, இரண்டு, மூன்று. நாலாம் தடவை நகத்தை எண்ணி முடித்துவிட்டு அதே குரலில், அதே வேகத்தில், முன்பற்களை எண்ண ஆரம்பித்தார். அண்ணன் வாயைத் திறந்துகொண்டு இருந்தார். அம்மா புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு அழுதார்.

சொல்லு, காட்டு, செய் என்று பல் மருத்துவத்தில் இதை அறுபது வருஷத்துக்கு மேலாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள். என்ன செய்யப் போகிறோம் என்று எளிய வார்த்தையில் சொல்வது, கருவியைக் காட்டித் தொட்டுப் பார்க்க விடுவது, அப்புறம் சொன்னதை மட்டும் செய்வது. குழந்தைகளுக்காக வந்த முறை, பெரியவர்களுக்கும் எடுபடுகிறது, ஆனால் நேரம் அதிகம் பிடிக்கும். அந்த நேரத்தை யாராவது கொடுக்க வேண்டும். ஒரு மணிக்கு ஆறு பேரைப் பார்த்தாக வேண்டிய ஓ.பி.யில் அது நடக்காது, மையத்துக்கு வருகிற மருத்துவரால் முடியும். இடமும் அவருக்குப் பழகியது, சுற்றி இருப்பவர்களும் பழகியவர்கள், மருந்து வாடை கிடையாது, மேலே தொங்கும் விளக்கு கிடையாது.

நாலு பேர் சேர்ந்து கையையும் காலையும் அமுக்கிப் பிடித்துக்கொண்டு பார்ப்பதையும் நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். அன்றைக்கு வேலை முடிந்துவிடும், அதற்கப்புறம் பத்து வருஷத்துக்கு அவர் வெள்ளைக் கோட்டைப் பார்த்தாலே ஓடுவார்.

மையத்திலேயே என்ன சிகிச்சை செய்ய முடியும் என்று கேட்டால், நான் நினைத்ததைவிட நிறைய. சில்வர் டயமின் ஃப்ளோரைடு என்று ஒரு திரவம் இருக்கிறது, 38 சதவீதக் கரைசல். சொத்தை மேல் சின்ன பிரஷால் ஒரு சொட்டு தடவினால் போதும், ஊசி கிடையாது, டிரில் சத்தம் கிடையாது, பல இடங்களில் சொத்தை மேலே பரவாமல் அங்கேயே நின்றுவிடும். சொத்தைப் பகுதி நிரந்தரமாகக் கறுத்துவிடும், அதை முதலிலேயே குடும்பத்திடம் சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும், முன்பல்லில் யோசித்துத்தான் போட வேண்டும். இன்னொன்று, கைக்கருவியாலேயே மென்மையாகிப்போன சொத்தையைச் சுரண்டி எடுத்துவிட்டுக் கிளாஸ் அயனோமர் சிமென்டால் அடைப்பது. மின்சாரமும் டிரில்லும் இல்லாத இடத்துக்காக 1980-களில் தான்சானியாவில் உருவான முறை இது, சத்தத்துக்குப் பயப்படுகிறவர்களுக்கு இங்கே கைகொடுக்கிறது. இந்த இரண்டு பொருளையும் ஃப்ளோரைடு பற்பசையையும் உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது, அதாவது இவை ஏழை நாட்டுக்கான மட்டமான மாற்று என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இது தவிர பல்லைக் கெட்டிப்படுத்தும் ஃப்ளோரைடு வார்னிஷ் பூசுவது, பல்லில் இறுகிப் படிந்த காரையைக் கைக்கருவியால் சுரண்டி எடுப்பது, ஆடுகிற பல்லை எடுப்பது எல்லாம் அங்கேயே நடக்கும்.

சிலருக்கு இது எதுவும் போதாது. வாயில் பத்துச் சொத்தை இருக்கும், எவ்வளவு பழக்கினாலும் திறக்க மாட்டார்கள். அவர்களுக்கு ஆஸ்பத்திரியில் முழு மயக்கம் கொடுத்து ஒரே தடவையில் எல்லாவற்றையும் முடிப்பதுதான் சரி. அங்கே ஒரு எச்சரிக்கை. "எதுக்கு அடைச்சுக்கிட்டு, மொத்தமாப் புடுங்கிடலாம், அப்புறம் தொல்லையே இருக்காது" என்ற யோசனை எங்களுக்கும் வந்தது. கேட்கும்போது நிம்மதியாகத்தான் இருக்கும். ஆனால் இவர்களில் பலரால் பல்செட் மாட்டிக்கொள்ள முடியாது, அதோடு முறுக்கு, கடலை, கறி எல்லாம் போய்க் குழைந்த சோறுதான் மீதி ஆயுளுக்கு. காப்பாற்றக்கூடிய பல் எது, எது முடியாது என்று ஒவ்வொரு பல்லாகக் கேளுங்கள். மயக்கத்துக்கு முன்னால் இதய நோய் இருந்தால் சொல்லுங்கள், டவுன் சிண்ட்ரோமோடு பிறப்பவர்களில் பாதிப் பேருக்குக் கிட்ட பிறவி இதயக் கோளாறு உண்டு, சிலருக்குப் பல் எடுக்கும் முன் ஆன்டிபயாடிக் தேவைப்படும். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்குக் கழுத்தெலும்பு இணைப்பும் தளர்வாக இருக்கலாம், கழுத்தை வேகமாகப் பின்னால் சாய்க்கக் கூடாது. வலிப்புக்கு வேல்புரோயேட் சாப்பிட்டால் அதையும் சொல்லுங்கள், ரத்தம் நிற்க நேரமாகலாம்.

வீட்டில் நம் கை

மருத்துவர் வருஷத்துக்கு நாலு தடவை வருவார். மீதி நாளெல்லாம் பல் விளக்குவது நாம். நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

எதிரில் நின்று விளக்காதீர்கள். அவரை ஒரு நாற்காலியில் உட்கார வைத்து, பின்னால் நின்றுகொண்டு, அவர் தலை உங்கள் வயிற்றில் சாய்கிற மாதிரி இடது கையால் தாடையைத் தாங்கிக்கொள்ளுங்கள். நம் பல்லை நாமே விளக்குகிற கோணம் அது, அதனால் கை தானாகப் போகும், அவருக்கும் முகத்துக்கு நேரே ஏதோ வருகிற பயம் இருக்காது. உதட்டை ஆள்காட்டி விரலால் லேசாக ஒதுக்கி, பிரஷின் நார் ஈறும் பல்லும் சேர்கிற கோட்டில் சாய்வாகப் படும்படி வைத்து, சின்னச் சின்ன அசைவாக. வெளிப்பக்கம் ஒரு நாள் சரியாக வந்தால் போதும் என்று ஆரம்பியுங்கள், உள்பக்கம் அடுத்த மாதம் வரட்டும். நான் சத்தமாகப் பத்து எண்ணுவேன், பத்தில் கண்டிப்பாக நிறுத்துவேன். ஒருநாள் அவசரத்தில் பதினைந்துவரை இழுத்ததற்கு ஒரு வாரம் வாயைத் திறக்கவில்லை.

தானே விளக்கக்கூடியவர் என்றால் அவரையே முதலில் விளக்க விடுங்கள், கடைசியில் ஒரு நிமிஷம் நீங்கள் பாருங்கள். பிடி மெல்லியதாக இருந்து நழுவினால் சைக்கிள் ஹேண்டில் பார் ரப்பர் கவரை மாட்டிவிடலாம், நாங்கள் அதைத்தான் செய்தோம். பேஸ்டில் ஃப்ளோரைடு இருக்கிறதா என்று டியூபில் பாருங்கள், 1000 பிபிஎம் என்று அச்சிட்டிருப்பார்கள். மூலிகை என்று எழுதியிருக்கும் பலவற்றில் அது இருக்காது. துப்பத் தெரியாதவர் என்றால் பிரஷில் லேசாக ஒரு பூச்சு போதும், வழிந்ததைத் துணியால் துடைத்துவிடுங்கள். விளக்கியபின் தண்ணீர் விட்டுக் கொப்பளிக்க வேண்டியதில்லை, பேஸ்ட் கொஞ்சம் பல்லில் தங்கினால்தான் நல்லது, கொப்பளிக்கத் தெரியாத நம் ஆட்களுக்கு இது வசதியாகவும் போயிற்று. ஈறில் ரத்தம் வந்தால் நிறுத்தாதீர்கள், மென்மையாகத் தொடர்ந்து விளக்கினால் ஒன்றிரண்டு வாரத்தில் பெரும்பாலும் குறையும், குறையாவிட்டால் காட்டுங்கள்.

வலியை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதை அண்ணன் விஷயத்தில் தாமதமாகத்தான் தெரிந்துகொண்டேன். ஒரே பக்கமாக மெல்வது, குளிர்ந்த தண்ணீரைத் திடீரென்று மறுப்பது, பிடித்த சாப்பாட்டையும் ஒதுக்குவது, கன்னத்தை அழுத்துவது, கையைக் கடிப்பது, எச்சில் அதிகமாக ஒழுகுவது, காரணமில்லாத கோபம். சில நாளில் புதிதாக வந்த எந்த மாற்றமானாலும் மாத்திரையைக் கூட்டுவதற்கு முன்னால் வாய்க்குள் டார்ச் அடித்துப் பாருங்கள், காதையும் சேர்த்து.

பணத்தையும் உரிமையையும் பற்றிச் சுருக்கமாக. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 25-ஆம் பிரிவு சிகிச்சையில் முன்னுரிமை தரச் சொல்கிறது, அதனால் யுடிஐடி அட்டையை, அதாவது மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு தரும் அடையாள அட்டையைக் காட்டி வரிசையில் காத்திருக்க முடியாது என்று தைரியமாகக் கேளுங்கள், காலையில் முதல் ஆளாகப் போக நேரம் வாங்குங்கள். அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம் போன்றவை உள்ளவர்களுக்கான மத்திய அரசு அமைப்பான தேசிய அறக்கட்டளையின் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை பாதுகாப்பு உண்டு, நோய் வராமல் தடுக்கும் பல் பராமரிப்பும் அதில் அடங்கும், ரசீதுகளைப் பத்திரமாக வையுங்கள். இன்னொன்று பல குடும்பங்களுக்குத் தெரியாது: பதினெட்டு வயது முடிந்தால் பெற்றோர் தானாகவே சட்டப்படியான பாதுகாவலர் ஆகிவிட மாட்டார்கள். 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர் அளவிலான குழுவிடம் விண்ணப்பித்துச் சான்று வாங்க வேண்டும். மயக்கம் கொடுக்கும் சிகிச்சை என்று வரும்போது ஆஸ்பத்திரி அதைக் கேட்கலாம், கேட்கும் அன்றைக்கு ஓட முடியாது. சான்று கையில் இருந்தாலும் அவரிடம் சொல்லாமல் எதையும் செய்யாதீர்கள். அண்ணன் தலையைத் திருப்பிக்கொண்டால் அன்றைக்கு வேண்டாம் என்று அர்த்தம், எங்கள் மருத்துவர் அதை மதித்து அடுத்த தடவைக்குத் தள்ளிவைப்பார்.

அம்மாவுக்கு இப்போது 70 ஆகிறது, கை நடுங்குகிறது. போன வருஷம் அந்த மருத்துவர் சொன்னதன் பேரில் அண்ணனுக்காக ஒரு பக்கம் எழுதி மையத்துக் கோப்பில் வைத்தோம். 'நாற்காலியில் உட்கார வைக்கவும். பின்னால் நிற்கவும். இடது கீழ்ப்பக்கம் கடைசியில், அங்கேதான் முன்பு வலித்தது. பத்துவரை சத்தமாக எண்ணவும், பத்தில் நிறுத்தவும். முடிந்ததும் பஸ் பார்க்கக் கூட்டிப் போகவும்.' மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இப்போது அங்கே வேலை செய்யும் அக்கா விளக்கிவிடுகிறார். முதல் வாரம் ஏழில் நிறுத்தியிருக்கிறார், அண்ணன் வாயை மூடாமல் "எட்டு" என்று சொன்னாராம்.